பேசாத பெட்டி பழுதான பெட்டி அன்று

வண்டியில் பொருத்திய ஸ்கேனர் யு0100 என்ற குறியீட்டைக் காட்டினால், எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் தொடர்பு அற்றுவிட்டது என்று பொருள். பட்டறை வழக்கில் ஈசிஎம் எனப்படும் அந்தப் பெட்டியைப் பற்றிக் குறியீடு சொல்வது அவ்வளவே. ஆயினும், ‘ஈசிஎம் போய்விட்டது’ என்றே அது பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. முதலாவது ஒரு நோக்கல். இரண்டாவது ஒரு தீர்ப்பு. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவை மாணவருக்குக் கற்றுத்தராத தொழிற்கல்வி, கருவியைக் கையாளப் பழக்குகிறதே தவிர, பழுதறியப் பழக்கவில்லை. அதன் விலையைச் செலுத்துவோர், வண்டி ஓடினால் மட்டுமே அன்றைய வருவாய் காணும் எளிய உரிமையாளர்கள்.

அக்குறியீட்டை எழுதுவது யார் என்பதிலிருந்தே இதை விளக்கத் தொடங்கலாம். போஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் என்னும் தொடர்பு முறையில், வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அனைத்தும் முறுக்கிய இரு கம்பிகளைப் பொதுவழியாகக் கொண்டு பேசுகின்றன. ஒவ்வொரு பெட்டியும் குறித்த கால இடைவெளியில் தன் செய்தியை வெளியிடும். எஞ்சின் பெட்டியின் செய்தி உரிய காலத்துக்குள் வாராவிடில், பிரேக் பெட்டியோ டேஷ்போர்டு மீட்டரோ யு0100 என்று பதிவு செய்துகொள்கிறது. ஆக, இக்குறியீடு எஞ்சின் பெட்டி தன்னைப் பற்றித் தந்த வாக்குமூலம் அன்று. அண்டை வீட்டார் கூறும் சாட்சியம். ‘அவர் குரல் கேட்கவில்லை’ என்று மட்டுமே அண்டை வீட்டாரால் சொல்ல முடியும். அவர் இறந்துவிட்டாரா, வாய் கட்டப்பட்டிருக்கிறதா, இடையில் சுவர் எழுந்துள்ளதா, கேட்பவர் காதே அடைத்துக்கொண்டதா என்பது அந்தச் சாட்சியத்தில் அடங்காது.

மௌனத்திலிருந்து எதை முடிவுகட்டலாம் என்னும் வினாவுக்குக் கோலார் தங்கவயலின் அறிவியல் வரலாறே நல்லதொரு விடையை வைத்திருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் 1950களிலிருந்து அச்சுரங்கங்களில் அண்டக் கதிர்களை ஆராய்ந்துவந்தனர். ஆழம் கூடக் கூட மேலுள்ள பாறை மியூவான் துகள்களைத் தடுத்துவிடும். எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். 1960களின் தொடக்கத்தில், ஏறத்தாழ 2,760 மீட்டர் ஆழத்தில் வைக்கப்பட்ட கருவி சுமார் இரண்டு மாதம் ஒரு துகளையும் பதிவு செய்யவில்லை. அவர்கள் அந்த வெறுமையைக் கருவியின் பழுதாகக் கொள்ளவில்லை. மேல்மட்டங்களில் அந்த ஆய்வு முறைப்படி எண்ணிக்கை தந்திருந்தது. ஆழத்துக்கேற்ப அந்த எண்ணிக்கை சீராகத் தேய்ந்திருந்தது. எனவே, பிற துகள்களின் இரைச்சல் எட்டாத இந்த ஆழமே நியூட்ரினோவைத் தேடுவதற்கு உகந்தது என்ற தெளிவு பிறந்தது. 1965இல், இந்திய, ஜப்பானிய, பிரிட்டானிய அறிவியலாளர்கள் இணைந்து வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைத் தங்கவயலில் பதிவு செய்தனர். உலகில் அதை முதலில் கண்ட இரு குழுக்களுள் அது ஒன்று; மற்றொன்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இயங்கிய குழு.

அங்கே மௌனம் சான்றாயிற்று. காரணம், கருவி நலமாக இருக்கிறது, துகள் வந்தால் பதிவாகியே தீரும் என்பது முன்பே உறுதிப்பட்டிருந்தது. இந்திய அளவையியல் இதே நிபந்தனையைத்தான் விதிக்கிறது. மணிமேகலையின் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை எண்ணும் அளவைகளுள் அபாவமும் ஒன்று. இன்மையை எப்போது அறிவாகக் கொள்ளலாம் என்று ஆராய்ந்த தத்துவ நூலார், ஒரு பொருள் இருந்திருந்தால் காணப்பட்டே இருக்கும் என்ற நிலை அமைந்தபோது மட்டுமே காணாமை சான்றாகும் என்றனர். விளக்கில்லாத அறையில் குடத்தைக் காணவில்லை என்பதால் குடம் இல்லை என்று ஆகிவிடாது. முதலில் விளக்கை ஏற்ற வேண்டும்.

பட்டறையில் விளக்கேற்றுவது என்பது என்ன? முதலாவது, வண்டியின் எல்லாப் பெட்டிகளையும் ஸ்கேனரால் அழைத்துப் பார்ப்பது. ஏனையவை பதில் தந்து, அவை அனைத்தும் எஞ்சின் பெட்டியை மட்டுமே குறை கூறினால், பொதுவழி பெரும்பாலும் நலம்; ஐயம் அந்தப் பெட்டியின் மின்னூட்டம், எர்த், கிளைக் கம்பி ஆகியவற்றின் மீதும், இறுதியாகப் பெட்டியின் மீதும் செல்ல வேண்டும். ஒன்றுமே பதில் தராவிடில், பொதுவழியையோ ஸ்கேனர் செருகும் துளையையோ ஐயுற வேண்டும். ஒரே ஒரு பெட்டி மட்டும் குறை கூறினால், குறை கூறுவதன் பக்கமே முதலில் பார்க்க வேண்டும். ஸ்கேனர் பதில் பெறாத அதே நேரத்தில் எஞ்சின் ஓடுமானால், எஞ்சின் பெட்டி உயிரோடிருக்கிறது என்பதற்கு அந்த ஓட்டத்தைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது, மின்னூட்டமும் எர்த்தும். இங்கே மல்டிமீட்டர் எண்ணும் ஏமாற்றக்கூடும். பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் எஞ்சிய கம்பியிலும், மின்னோட்டம் இல்லாதபோது மீட்டர் 12 வோல்ட்டைக் காட்டும். சுமையேற்றினால்தான் உண்மை வெளிப்படும். கம்பியின் முனையில் ஒரு பல்பைப் பொருத்தி அது முழு ஒளியுடன் எரிகிறதா என்று பார்க்கும் பழைய மெக்கானிக்கின் வழக்கம், அறிவியல் நோக்கில் முற்றிலும் செம்மையான சோதனை. சில வண்டிகளில், சென்சார்களுக்குப் பெட்டி தரும் 5 வோல்ட் வழியை ஒரு சென்சார் ஷார்ட் செய்துவிட்டாலே பெட்டி வாய் மூடிக்கொள்வதுண்டு. சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்காமல் பெட்டியைக் குற்றம் சாட்ட முடியாது.

மூன்றாவது, பொதுவழி. அதன் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் உள்ளன. பேட்டரியைக் கழற்றிவிட்டு இரு கம்பிகளுக்கிடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையின் தடையோ இடையிலுள்ள கம்பியோ அறுந்திருக்கிறது. சுழிக்கு நெருங்கினால் இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. பள்ளி இயற்பியலில் இணை மின்தடைகளைப் படித்த எவருக்கும் இந்தக் கணக்கு விளங்கும். இம்மூன்றும் தேறிய பின்னரே ஈசிஎம் மீது கைவைக்க நியாயம் பிறக்கிறது.

‘மாற்றிப் பார்த்தோம், சரியாகிவிட்டதே’ என்பது இதற்கு எதிராக வழக்கமாக எழும் வாதம். நல்லதென்று அறிந்த பெட்டியை வைத்துச் சோதிப்பது முறையான வழிதான். ஆனால் அது தனித்து எதையும் மெய்ப்பிப்பதில்லை. பெட்டியை மாற்றும்போது அதன் இணைப்பான் கழற்றி மாட்டப்படுகிறது. பச்சை பூத்த பின்கள் உராய்ந்து தெளிகின்றன. தளர்ந்த கம்பி இடம் மாறுகிறது. ஒரே செயலில் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்த பிறகு, பயனை விலை உயர்ந்த ஒன்றின் கணக்கில் மட்டும் எழுதுவது ஆய்வு முறை ஆகாது. பழைய பெட்டியை மீண்டும் மாட்டி, பழுது திரும்புகிறதா என்று பார்த்தால்தான் சோதனை முழுமை பெறும். வயரிங்கில் ஷார்ட் இருக்கையில் புதிய பெட்டியை மாட்டினால், அதுவும் கெட்டுப்போகக் கூடும்.

இப்பிழையை மெக்கானிக்கின் அறியாமை என்று முடித்துவிடுவது அநீதி. எந்த ஃபியூஸ் எந்தப் பெட்டிக்கு மின்னூட்டம் தருகிறது, எர்த் முனை எங்கே இருக்கிறது, எந்தப் பின்னில் எந்தக் கம்பி என்பவற்றைக் காட்டும் வயரிங் வரைபடம் அவர் கைக்கு எளிதில் எட்டுவதில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆணை இந்தக் குறையைத்தான் தொட்டது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் சுதந்திரப் பட்டறைகளுக்கு எட்டாமல் வைத்திருந்ததே ஆணையம் கண்ட குற்றம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2022இல் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, இணையதளமும் தொடங்கியது. உரிமை ஏட்டில் வளர்கிறது. வரைபடம் பட்டறைச் சுவருக்கு வந்து சேர்வதுதான் தாமதமாகிறது.

எல்லாவற்றையும் திறந்துவிட்டால் வண்டித் திருட்டுக்கும் மென்பொருள் குளறுபடிக்கும் வழியாகும் என்ற நிறுவனங்களின் அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. சாவியைப் பெட்டியோடு இணைக்கும் மறைகுறிகள் காவலில் இருக்கட்டும். எர்த் முனையின் இருப்பிடம் எவ்வகையிலும் மறைபொருள் அன்று. பாதுகாப்பின் பெயரால் அதையும் சேர்த்துப் பூட்டுவது, திருடனைத் தடுப்பதைவிட மெக்கானிக்கைத் தடுக்கவே உதவுகிறது.

தங்கவயலுக்கு இது வெறும் முறையியல் வாதமன்று. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து நெடுந்தொலைவு கம்பிவழி மின்சாரம் பெற்ற ஊர் அது. ஃபிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் வைண்டிங் எஞ்சின் ஓட்டுநர்களுமாகத் தலைமுறைகள் வாழ்ந்த இடம். தமிழ் பேசும் உழைப்பாளர் குடும்பங்கள், குறிப்பாகத் தலித் குடும்பங்கள், அங்கே ஆழ வேரூன்றியுள்ளன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபின், விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவு திரும்புவது பலரது வாழ்க்கை ஆகிவிட்டது. புல்டோசர் செய்யும் பெமல் ஆலை அங்கேயே இருக்கிறது; உரிகத்தில் பொறியியல் கல்லூரியும் உண்டு. இன்றைய கனரக வண்டிகளும் இதே இரு கம்பிகள், இதே 120 ஓம் தடைகள் கொண்டுதான் பேசுகின்றன. பழுதறியும் அறிவு உள்ளூரில் தழைத்தால், ரயிலேறாமலே பிழைக்க ஒரு வழி பிறக்கும். பெட்டியை மாற்றும் வேலைக்கு எவரும் போதும். மாற்ற வேண்டியதில்லை என்று சான்றோடு சொல்பவருக்குத்தான் மதிப்பு.

கல்வித்துறை செய்யக்கூடியது பெரிய செலவில்லாத ஒன்று. ‘யு0100 என்றால் என்ன?’ என்று தேர்வுத்தாளில் கேட்பதை நிறுத்தலாம். அதற்கு மாறாக, ‘பொதுவழியில் 60 ஓம் வருகிறது, பிரேக் பெட்டியும் மீட்டரும் பதில் தருகின்றன, எர்த் முனையில் பல்பு மங்கலாக எரிகிறது. ஈசிஎம் பழுது என்று முடிவு செய்யலாமா? காரணம் கூறுக’ என்று தமிழிலும் கன்னடத்திலும் கேட்கலாம். அந்த வினாவுக்கு ‘கூடாது’ என்று எழுதி, ஏன் என்றும் விளக்கத் தெரிந்த மாணவர், எந்த வண்டி வந்தாலும் திகைக்க மாட்டார்.