பொறுக்குவது ஏழை, லாபம் முதலாளிக்கா?



காலையில் உலாவப் போகிறவர்கள் கையில் ஒரு பையும் கொண்டு போக வேண்டுமாம். வழியில் கிடக்கும் பாட்டில், கவர், காகிதம் அனைத்தையும் குனிந்து பொறுக்க வேண்டுமாம். உடம்புக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது என்று உபதேசம் நடக்கிறது. 2019 அக்டோபர் 12-ந் தேதி மாமல்லபுரம் கடற்கரையில் பிரதமர் மோடி அரைமணி நேரம் இப்படிப் பொறுக்கினார். பையை விடுதி ஊழியரிடம் கொடுத்தார். உலகமெல்லாம் படம் வந்தது.

குப்பை எடுப்பதை நாம் கேலி செய்யவில்லை. தெரு சுத்தமாக இருப்பது எல்லோருக்கும் நல்லதுதான். ஆனால் ஒன்று கேட்கிறோம். ஆயுள் முழுவதும் குனிந்தே குப்பை எடுப்பவர்களை எந்தக் காமிரா தேடி வந்தது?

விளாத்திகுளம் தெருக்களில் துப்புரவுத் தொழிலாளி விடியுமுன்னே நிற்கிறார். சாக்கைச் சுமந்து பாட்டில் பொறுக்கும் தாய்மார், பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டு, கடைக்காரர் சொன்ன விலையை வாங்கிப் போகிறார்கள். வசதியுள்ளவர் பொறுக்கினால் சமூக சேவை. ஏழை பொறுக்கினால் 'பொறுக்கி' என்று வசவு! ஒரே வேலைக்கு இரண்டு பெயர்!

இந்தக் குப்பை எங்கிருந்து வந்தது? முன்பு கோலி சோடாவைக் கடையிலேயே குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தோம். கம்பெனி கழுவி மறுபடி நிரப்பியது. அந்தப் பாட்டில்கள் வைப்பாற்று மணலில் குவிந்தனவா? இல்லை. அன்று ஜனங்கள் யோக்கியர்கள், இன்று ஒழுங்கு கெட்டவர்கள் என்பதல்ல காரணம். அன்று பாட்டில் திரும்பாவிட்டால் நஷ்டம் முதலாளிக்கு. இன்று திருப்பி வாங்கும் செலவையும் கழுவும் கூலியையும் மிச்சம் பிடித்துக்கொண்டு, குப்பையை நம் தலையில் கட்டிவிட்டான்.

இந்தத் தந்திரம் அமெரிக்காவில் பழையது. வெர்மாண்ட் மாநிலத்தில், வயலில் எறிந்த பாட்டில்களால் மாடுகளுக்கு ஆபத்து என்று விவசாயிகள் முறையிட்டார்கள். திருப்பி வாங்காத பீர் பாட்டிலுக்கு 1953-ல் அங்கே தடை வந்தது. அதே ஆண்டு டப்பா, பாட்டில் கம்பெனிகள் கூடி 'அமெரிக்காவை அழகாக வைப்போம்' என்று ஒரு சங்கம் கண்டன. குற்றவாளி குப்பை போடும் ஜனங்களே என்று பிரசாரம் செய்தன. 1957-ல் வெர்மாண்ட் தடை காலாவதியாயிற்று. பாட்டில் செய்தவன் தப்பினான். ஜனங்களுக்கு உபதேசம் மிஞ்சியது!

நம் நாட்டில் என்ன நிலை? பிளாஸ்டிக்கில் அடைத்து விற்கும் கம்பெனியே கழிவுக்குப் பொறுப்பு என்று 2016-ம் ஆண்டு விதி சொல்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ல் பிளாஸ்டிக் தடை வந்தபோதோ, பெட்டிக்கடைக்காரர் கைப்பைக்கு அபராதம். பெரிய கம்பெனிப் பொட்டலத்துக்கு விலக்கு!

வழி இல்லாமலில்லை. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2022-ல் நீலகிரியில் மதுப்பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. கரிசல் காட்டில் களையெடுக்கும் பெண்ணின் காலில் கண்ணாடி குத்தாமலிருக்க வழி இதுவே. ஆனால் அங்கும் சுமை தொழிலாளி தலையில்தான். பாட்டில் எண்ணி அடுக்கக் கூடுதல் ஆள் வேண்டுமென்று டாஸ்மாக் ஊழியர் சங்கங்கள் போராட வேண்டியிருந்தது.

துப்புரவுத் தொழிலாளர் கதி என்ன? 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன், இரண்டு மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று அவர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. தூய்மையைப் புகழ்வார்கள், தூய்மை செய்பவர் நிரந்தர வேலை கேட்டால் லாரியில் ஏற்றுவார்கள்!

ஆகவே நாம் கேட்பது இதுதான். பாட்டிலும் பொட்டலமும் விற்கும் கம்பெனி, முன்பணம் வைத்துத் திருப்பி வாங்கட்டும். அந்த வேலைக்குத் தனி ஆள் போடட்டும். துப்புரவுத் தொழிலாளியை நிரந்தரமாக்கு. கையுறையும் காலணியும் கொடு. பழைய பொருள் பொறுக்குவோருக்கு அடையாள அட்டையும் நியாய விலையும் வேண்டும்.

அக்டோபர் 2-ந் தேதி பெரிய மனிதர்கள் விளக்குமாறு பிடித்துப் படமெடுத்துக் கொள்வார்கள். அன்றுதான் கிராம சபையும் கூடுகிறது. விளாத்திகுளம் வட்டாரத்துத் தோழர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். கையெழுத்தாகும்வரை இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள்!