ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரு சாலை

எங்கள் சைக்கிள் குழுவின் வாட்ஸப்பில் போன மாதம் ஒரு மனு சுற்றுக்கு வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அக்கரையிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 5 மணி முதல் 8 மணி வரை, சாலையின் இடதோரத்தை சைக்கிள்களுக்கென்று ஒதுக்கித் தர வேண்டும் என்பது கோரிக்கை. ‘எழில் கொஞ்சும் கடற்கரைப் பாதை’, ‘உலகத் தரம்’, ‘சுற்றுலா வளர்ச்சி’ எல்லாம் அதில் இருந்தன. இரண்டு நாளில் குழுவில் பாதிப் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் போடவில்லை. ஏன்னு கேட்டார்கள். வாட்ஸப்பில் பதில் சொன்னால் சண்டையில்தான் முடியும் என்பதால் இங்கே எழுதுகிறேன். சண்டை இங்கேயும் வரலாம். வரட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷமாக இந்தச் சாலையில் மிதிக்கிறேன். மனு எழுதியவர்களின் பயம் பொய்யில்லை. சனிக்கிழமை ராத்திரிக் கொண்டாட்டம் முடிந்து விடியற்காலையில் நகரத்துக்குத் திரும்புகிற கார்கள் எந்த வேகத்தில் வரும் என்று எனக்கும் தெரியும். ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு போன பக்கவாட்டுக் கண்ணாடியின் காற்று இன்னும் முழங்கையில் இருக்கிறது. பாதுகாப்பு கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. யாருக்காகக் கேட்கிறோம் என்பதில்தான் எனக்குப் பிரச்சினை.

அந்த ‘எழில்’ விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை சைக்கிளில் போனவர்கள் மனசாட்சியோடு சொல்லட்டும், எத்தனை இடத்தில் கடலைப் பார்த்தீர்கள்? முட்டுக்காட்டில் கழிமுகத்தைப் பார்க்கிறோம். நெம்மேலி பக்கம் கொஞ்ச தூரம் கடல் சாலைக்கு அருகே வருகிறது. மற்றபடி இடது கைப்பக்கம் சுவர்தான். ரிசார்ட் சுவர், பண்ணை வீட்டுச் சுவர், மனை விற்கிறவன் போட்ட சுவர். நாம் இணையத்தில் ஏற்றுகிற படங்கள் எல்லாமே அந்த இரண்டு மூன்று இடைவெளிகளில் நின்று எடுத்தவை. கடற்கரைச் சாலை என்று பெயர் இருப்பதால் கடலைப் பார்த்தோம் என்றே நம்பிவிடுகிறோம்.

அந்தச் சுவர்களுக்குள்ளே அறையைக் கூட்டுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், வாட்ச்மேன்கள், கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்தவர்கள் காலை ஷிப்டுக்கு எதில் வருகிறார்கள்? பலர் சைக்கிளில்தான் வருகிறார்கள். கேரியரில் டிபன் டப்பா, ஹேண்டில்பாரில் மஞ்சப்பை. நாம் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் அவர்களைத் தாண்டும்போது ‘ரைட்டு, ரைட்டு’ என்று கத்திக்கொண்டு போகிறோம். நம் எண்ணிக்கையில் அவர்கள் சைக்கிள்காரர்களே இல்லை. குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: ‘இந்தச் சாலையில் வார நாட்களில் சைக்கிளே ஓடுவதில்லை.’ அதைப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இரண்டு வருஷம் முன்னால் பாண்டிக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். மரக்காணத்துக்கு முன்னால், இரண்டு பக்கமும் உப்பளம் விரிகிற இடத்தில், அன்றைக்கு இரண்டாவது முறையாக டயர் பஞ்சர். கையிலிருந்த மாற்று டியூபை முதல் பஞ்சருக்கே போட்டாயிற்று. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். பின்னாலிருந்து ஒருவர் வந்தார், ஐம்பது வயதுக்கு மேல். அவரும் சைக்கிளில்தான். ஆனால் தாரில் வரவில்லை, ஓரத்து மண்ணில் வந்தார். இறங்கி என்னோடு தள்ளிக்கொண்டே நடந்தார்.

“எங்க போறீங்க தம்பி?”

“பாண்டிக்குண்ணே.”

“வேலைக்கா?”

“இல்லண்ணே, சும்மாதான்.”

“மெட்ராஸ்லேந்து பாண்டிக்கு, சைக்கிள்ல, சும்மாவா?”

அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். என் வண்டி என்ன விலை என்றார். பாதி விலையைச் சொன்னேன். அதற்கே கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். உப்பளத்தில் உப்பு வாருகிறவர். வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்க வேண்டும் என்பதால் விடியற்காலை நாலு மணிக்கே, இருட்டில், வீட்டிலிருந்து கிளம்புகிறார். வண்டியில் விளக்கு இல்லை. ஏன் மண்ணில் ஓட்டுகிறீர்கள், தார் இருக்கிறதே என்று கேட்டேன்.

“ஹாரன் அடிக்கிறவன் பரவால்ல தம்பி. அடிக்காம வர்றான் பாருங்க, அவன்தான் அடிச்சிட்டுப் போறவன்.” அண்ணன் பையன் ஒருவன் அப்படித்தான் நாலு மணிக்குப் போகும்போது அடிபட்டானாம். முட்டிக்குக் கீழே கையைக் காட்டினார். “இப்ப வீட்டுலதான் இருக்கான்.”

அதற்குப் பிறகு பஞ்சர் கடை வரைக்கும் உப்பு விலை, மழைக்காலத்தில் வேலை இல்லாதது என்று என்னென்னவோ பேசினோம். ஊருக்குத் திரும்பிய பிறகு என்னைத் தொந்தரவு செய்தது அந்த மண்தான். வரிப்பணத்தில் போட்ட தார்ச்சாலையை ஒரு மனிதர் தினமும் பயன்படுத்தாமல் பக்கத்து மண்ணில் ஓட்டுகிறார். நான் வருஷத்துக்கு நாலு தடவை வந்து நடுத்தாரில் ஓட்டிவிட்டு எனக்குப் பாதுகாப்பு இல்லை என்று மனு கொடுக்கப் போகிறேன்.

இந்தப் பாதைக்கு ரூட் மேப் போட்டவர்களில் நாம் முதல் ஆள் இல்லை. மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கத்தை ஒட்டி, இடைக்கழிநாடு என்று ஒரு பேரூராட்சி இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். அந்தப் பாட்டில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் பகுதிதான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஆற்றுப்படை என்றாலே வழி காட்டுவது. பரிசு வாங்கித் திரும்புகிற பாணன் எதிரே பசியோடு வருகிற இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். அதில் தூரக் கணக்கைவிட மனிதர்கள்தான் அதிகம். பட்டினத்துக்குப் போனால் பரதவர் வீட்டில் கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும், வேலூரில் புளி போட்ட சோறும் இறைச்சியும், ஆமூர் உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும் நண்டும் என்று போகிறது. ஒவ்வொரு ஊருக்கும் அடையாளம் அங்கே இருக்கிறவர்களும் அவர்கள் தருகிற சாப்பாடும்.

அதே பாதைக்கு நாம் செயலியில் போட்டு வைத்திருக்கிற வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஏற்றம் இத்தனை மீட்டர், சராசரி வேகம் இத்தனை, இந்த ஐந்து கிலோமீட்டரை வேகமாக ஓட்டியவர் இன்னார். 200 கிலோமீட்டர் ப்ரெவே என்றால் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதில் ஊர் என்பது தண்ணீர் பாட்டில் வாங்குகிற புள்ளி. வேகமாக ஓட்டுவதில் எனக்கும் ஆசை உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் ஆளே இல்லாத வரைபடத்தை வைத்துக்கொண்டு மனு எழுதினால் மனுவிலும் ஆள் இருக்க மாட்டார்கள்.

கடற்கரைச் சாலை போரடித்தவர்கள் ‘உள்ரோடு’ தேடிப் போகிறார்கள். திருக்கழுக்குன்றத்திலிருந்து மதுராந்தகம் பக்கம், மரக்காணத்திலிருந்து கழுவெளி ஏரியோரம், ஆரோவில்லைச் சுற்றியுள்ள செம்மண் கிராமங்கள். நல்ல பாதைகள்தான், நானும் போகிறேன். ஆனால் திரும்பி வந்து என்ன எழுதுகிறோம்? ‘யாருக்கும் தெரியாத சாலை’ என்கிறோம். அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா? அறுப்பு முடிந்த மாதங்களில் ‘ரோட்டில் நெல் காயப்போட்டு பிளாக் பண்றாங்க’ என்று புகார் வேறு. ஊரில் காயவைக்கக் களம் போதாமல்தான் அந்த நெல் ரோட்டுக்கு வருகிறது. மழைக்கு முன்னால் காய்ந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள், ஈரம் கூடினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு குடும்பத்தின் நாலு மாத உழைப்பு நம் இருபத்தைந்து மில்லிமீட்டர் டயருக்குத் தடங்கலாகத் தெரிகிறது.

இன்னொரு புகார், ‘லோக்கல் ஆளுங்க ராங் சைடுல வர்றாங்க.’ வருகிறார்கள்தான். ஏன் என்று யோசித்திருக்கிறோமா? சாலையை அகலமாக்கும்போது நடுவில் தடுப்பு வைக்கிறார்கள். மீனவர் குப்பம் கிழக்கே இருக்கும், பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் மேற்கே. தடுப்பில் திறப்பு ஒரு கிலோமீட்டர் தள்ளி. காரில் போகிறவருக்கு அது ஒரு நிமிஷம். மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு மிதிக்கிறவர் நியாயமாகப் போனால் ஒரு கிலோமீட்டர் போய், திரும்பி, இன்னொரு கிலோமீட்டர் வர வேண்டும். எதிர்க்காற்றில் இரண்டு கிலோமீட்டர் என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா? அவர் ஓரமாக எதிர்த்திசையில் வருகிறார். வரைபடம் போட்டவர் செய்த தப்புக்கு அவருக்கு ஒழுங்கில்லை என்று பெயர். மாமல்லபுரத்துக்குத் தெற்கேயும் இப்போது நான்கு வழியாக்குகிறார்கள். அங்கே குரல் கொடுக்க வேண்டிய நேரம் இதுதான். நம் மனுவோ மாமல்லபுரத்தோடு நின்றுவிடுகிறது.

“முதல்ல நமக்குக் கிடைக்கட்டும், அப்புறம் எல்லாருக்கும் விரியும்” என்கிறார் நண்பர். விரியாது. ஞாயிறு மூன்று மணி நேரத்துக்கு நாலு பிளாஸ்டிக் கூம்பு வைத்தால் போதும், எட்டு மணிக்கு எடுத்துவிடலாம். செலவே இல்லாத இந்தச் சலுகையைக் கொடுத்துவிட்டு ‘சைக்கிளுக்குச் செய்துவிட்டோம்’ என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

இதே தமிழ்நாட்டில் சைக்கிள் வேறு மாதிரியும் பேசப்பட்டிருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். வயலுக்கும் வேலைக்கும் பஸ்ஸுக்குக் காத்திராமல் போனார்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு வருஷாவருஷம் சைக்கிள் கொடுக்கிறது. சைக்கிளைக் கொடுத்த அரசு அதை ஓட்ட நாலடி ஓரம் கொடுத்ததா என்று கேட்டால் அது அரசியல் கேள்வி. ஞாயிறு காலைச் சலுகை அந்தக் கேள்வியைக் கேட்காமல் தப்பிக்கிற வழி.

மாற்றாக நான் எழுதி வைத்திருக்கும் மனு சின்னது. சாலை நெடுக, ஏழு நாளும் இருபத்துநான்கு மணி நேரமும், வண்டி நிறுத்தாத, மண் மூடாத ஓரத்தடம் வேண்டும். குப்பமும் பள்ளியும் இருக்கிற இடத்திலெல்லாம் வேகத்தடையும், நடப்பவரும் சைக்கிள்காரரும் கடக்கத் திறப்பும் வேண்டும். உப்பளத்துக்கும் மீன் ஏலத்துக்கும் ஆட்கள் போகிற இருட்டு நேரத்தில் எரிகிற விளக்கு வேண்டும். இதெல்லாம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை நமக்கும் தானாகக் கிடைத்துவிடும், தனியாகக் கேட்க வேண்டியதில்லை. எழில், உலகத் தரம் இரண்டையும் எடுத்துவிட்டேன். கையெழுத்து வாங்க மாமல்லபுரத்தில் காபி குடித்துவிட்டுத் திரும்பக் கூடாது, மரக்காணம் வரை போக வேண்டும், வழியில் நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். அன்றைக்கு சராசரி வேகம் கெட்டுப்போகும்.

குழுவில் இதைப் போட்டேன். மூன்று பேர் கட்டை விரலைக் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் ‘பிராக்டிகலா பேசுங்க ப்ரோ’ என்றார். நாலு மணி இருட்டில் மண்ணில் மிதித்துக்கொண்டு போகிறவரைவிட பிராக்டிகலாக இந்தச் சாலையைப் பற்றிப் பேச எனக்கு யாரையும் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு அவரைத் தேடிப் போகிறேன். மனுவை அவரிடம் வாசித்துக் காட்டி, விட்டுப்போனதைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். கூட வருகிறவர்கள் வரலாம். இந்தத் தடவை எங்கே போறீங்க என்று கேட்டால் சும்மா என்று சொல்ல மாட்டேன்.