பகைவரை எழுதும் பேனா

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இன்று நினைவுக்கு வருவன கார்த் தொழிற்சாலைகளே. ஆனால் அவற்றுக்கு அண்மையிலுள்ள மணிமங்கலமும், மேற்கே காஞ்சியை அடுத்த புள்ளலூரும் முற்காலப் போர்க்களங்களாகும்.

ஏழாம் நூற்றாண்டில் பல்லவரும் சாளுக்கியரும் இங்கே பொருதினர். பல்லவன் காஞ்சி மதிலுக்குள் மறைந்தான் என்கிறது 634-இல் பொறிக்கப்பட்ட சாளுக்கியரின் ஐஹோளே கல்வெட்டு. புள்ளலூரில் மகேந்திரவர்மனே பகைவரை அழித்தான் என்கிறது பல்லவரின் காசக்குடிச் செப்பேடு. மணிமங்கலத்தில் புறமுதுகிட்ட புலிகேசியின் முதுகையே வெற்றி என்னும் சொல்லை எழுதும் ஏடாக்கிக் காட்டுகிறது கூரம் செப்பேடு.

அதே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையைச் சுற்றி வளைத்து முறியடித்தனர். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. காஞ்சியிலிருந்த மன்றோவின் உதவி உரிய வேளையில் வந்து சேரவில்லை. சிறைப்பட்ட பெய்லி 1782-இல் சீரங்கப்பட்டணத்தில் மாண்டார். வென்றவர்கள் அவ்வெற்றியைத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டச் செய்தனர்.

தோற்றவர்கள் பேனாவை எடுத்தனர். சிறை மீண்டோரின் நினைவுகள் நூல்களாயின. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் மைசூரில் ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்ஸ், 1810 முதல் 1817 வரை வெளியிட்ட வரலாற்றில் திப்புவை மதவெறி கொண்ட கொடுங்கோலராகவே தீட்டினார். கைதிகள் பட்ட துன்பம் பொய்யன்று. ஆயினும் 1791-இல் மராத்தியப் படையினர் சூறையாடிய சிருங்கேரி மடத்துக்கு உதவியவரும் அதே திப்புதான். அதைக் காட்டும் கடிதங்கள் 1916-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1453-இல் கான்ஸ்டாண்டிநோபிள் உஸ்மானியர் வசமானதும், பண்டைய கிரேக்க, லத்தீன் நூல்களில் தோய்ந்த இத்தாலிய அறிஞர் பலர், துருக்கியரை அந்நூல்கள் கூறும் கொடிய சிதியரின் வழித்தோன்றல்கள் என எழுதினர். நேரில் கண்டறியாத பகைவருக்குப் பழைய ஏட்டிலிருந்து ஒரு முகம் எடுத்து ஒட்டப்பட்டது.

மாறாக, சுல்தான் ஸலாஹுத்தீனின் படைக் காஜியாக இருந்த இப்னு ஷத்தாத், பகை மன்னர் ரிச்சர்டின் வீரத்தை மறைக்காமல் எழுதிவைத்தார். அதனால் சுல்தானின் புகழ் குன்றிவிடவில்லை. எழுதியவரின் சொல்லுக்கு மதிப்பே கூடியது.

நம் பிள்ளைகள் திப்புவைப் பற்றி இகழ்ச்சியையும் படிப்பர், மிகைப் புகழ்ச்சியையும் படிப்பர். எழுதியவர் யார், யாருடைய உப்பைத் தின்றவர், பகைவனின் நன்மை ஒன்றையேனும் சொல்லியிருக்கிறாரா என்று கேட்க அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம். நமக்கு உவப்பான நூல்களிடமும் அதே கேள்வியைக் கேட்பதன்றோ நீதி!