ஆண்டு தெரியும், கதை தெரியாது

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளியில் நடந்த பொது அறிவுப் புதிர்ப்போட்டிக்கு நான் வினாக்கள் தொகுத்தேன். ‘நிண்டெண்டோ நிறுவனம் தொடங்கப்பெற்ற ஆண்டு எது?’ என்பது அவற்றுள் ஒன்று. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மணியை அழுத்தி, ‘1889’ என்றான். இரண்டு புள்ளிகள் கிடைத்தன. உடனே அவனே கேட்டான்: “ஐயா, அப்பொழுது தொலைக்காட்சியே கிடையாதே! என்ன விளையாட்டு விற்றார்கள்?”

“அடுத்த கேள்வி” என்றேன். விடைத்தாளில் ஆண்டு மட்டுமே இருந்தது. எனக்கும் அதற்குமேல் தெரியாது.

பின்னர்த் தேடிப் படித்தேன். விற்றது சீட்டுக்கட்டு! கியோட்டோ நகரில் புசாஜிரோ யமாவுச்சி என்பவர் ஹனாஃபுடா எனும் மலர்ச்சீட்டுகளைக் கையால் செய்து விற்றார். ஆனால், சீட்டில் ஏன் மலர்கள்? 1511-இல் நம் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், 1543-இல் ஜப்பானை அடைந்தனர். அவர்கள் வழியாகவே சீட்டாட்டம் அங்குப் பரவியது; ஜப்பானியர் சீட்டைக் ‘கருட்டா’ என்பதும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபே. சூதாட்டம் பெருகியதால் அரசு தடை விதித்தது. மக்களோ தடைசெய்யப்பட்ட சீட்டின் உருவத்தை மாற்றி மாற்றி ஆடினர். (நம் மாணவர்களுக்கு இவ்வித்தையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை!) இறுதியில் எண்களே இல்லாத சீட்டு உருவானது. பன்னிரண்டு மாதங்கள், மாதத்திற்கு நான்கு சீட்டு, ஆக 48. சனவரிக்குத் தேவதாரு, மார்ச்சுக்குச் செர்ரிப்பூ. 1880-களில் தடை தளர்ந்தது. 1889-இல் கடை திறந்தது. டாங்கி காங் வந்தது 1981-இல்தான். அந்நிறுவனம் இன்றும் மலர்ச்சீட்டு விற்கிறது.

சூதாட்டக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதா எனப் பெற்றோர் சிலர் தயங்கலாம். மலாக்கா, கடல்வழி வணிகம், அரசின் தடை, மக்களின் தந்திரம் எல்லாம் இதனுள் இருக்கும்போது, ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்விப்பதுதான் எனக்குத் தவறாகப் படுகிறது. வியப்பூட்டும் செய்திகள் என்ற பெயரில் நாம் தொகுப்பவை பெரும்பாலும் வெறும் விடைகள். வியப்பு அந்த மாணவனின் வினாவில்தான் இருந்தது. அதற்குப் புள்ளி வழங்க என் தாளில் இடமில்லை.

இப்பொழுது நான் தயாரிக்கும் புதிர்களில் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். ஒவ்வொரு விடைக்குப் பின்னும் மாணவர் ஒரு வினா எழுப்பலாம். நல்ல வினாவிற்கு மூன்று புள்ளிகள். போட்டி முடிய நேரமாகிறது என்று சக ஆசிரியர்கள் குறைபடுகின்றனர். அம்மாணவனோ இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டான். அவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.