கிட்டார் பயில்வோர்க்கு ஒரு விண்ணப்பம்

கிட்டார் கற்கப் புகும் மாணவ நண்பர் பலர் சின்னாளில் அதனைக் கைவிட்டு, கருவியை அறையின் மூலையிற் சாத்திவிடுகின்றனர். காரணம் வினவின், விரல் நோவு என்பர். அஃது உண்மைக் காரணமன்று என்பது என் துணிபு. விரல் நுனியில் தோல் தடித்தபின் நோவு தானே நீங்கும். மெட்டின்மேல் விரலை வையாது, அதற்குச் சற்றுப் பின்னே ஒட்டி அழுத்தினால் சிறிதளவு அழுத்தமே போதும். எஃகுத் தந்தியைப் பொறாதார் நைலான் தந்திக்கென அமைந்த கருவியைத் தேர்ந்துகொள்ளலாம்.

உண்மைக் காரணம் நம் அவசரமே. கருவி கைக்கு வந்த அன்றே ஒரு பாட்டை முழுதும் வாசித்துவிட விழைகின்றோம். யானும் அவ்வாறே செய்தேன். எளிய இடங்களில் ஓடுவேன். கார்டு மாறும் இடத்தில் நின்று, விரல்களை ஒவ்வொன்றாகத் தேடி வைத்து, மீண்டும் ஓடுவேன். மூன்று திங்கள் சென்றபின் யான் செவ்வனே கற்றிருந்தது அந்த நிற்றல் ஒன்றையே! பிழை இது, செம்மை இது என்று கை அறியாது. பன்முறை செய்ததையே பற்றிக்கொள்ளும்.

இத்தாலிய வித்துவான் மௌரோ ஜூலியானி, 1812 இல் வியன்னாவில் வெளியான தம் பயிற்சி நூலில் வலக்கைக்கென 120 பயிற்சிகளை அமைத்தார். அவை அனைத்திற்கும் அவர் கொண்டவை சி, ஜி-7 என்னும் இரண்டே கார்டுகள். இடக்கைக்கு வேலையைக் குறைத்தமையால் வலக்கை தன் தொழிலைக் கற்க இடமுண்டாயிற்று. நம் தொடக்கத்திற்கும் இவ்விரண்டே சாலும். சியிலிருந்து ஜி-7க்கு மாறுங்கால் எவ்விரலும் தன் மெட்டை விட்டு நீங்குவதில்லை. மோதிர விரல் ஐந்தாம் தந்தியினின்று ஆறாவதற்கும், நடுவிரல் நான்காவதினின்று ஐந்தாவதற்கும், சுட்டுவிரல் இரண்டாவதினின்று முதலாவதற்கும் செல்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு தந்தியே நகர்கின்றது. இதனைக் கண்டுகொண்டார்க்குப் பாதி அச்சம் தீரும்.

மெட்ரனோமை நிமிடத்திற்கு 60 தட்டு என வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு கார்டாக மாற்றுக. விரல் தடுமாறின் 50க்கு இறங்குக, அதில் வெட்கமில்லை. நாடோறும் பதினைந்து நிமிடம் போதும். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் வருந்துவதினும் அது மேலானது. கைப்பேசியிற் பதிந்து கேட்டால், வாசிக்குங்கால் நம் செவி மன்னித்த குற்றங்கள் யாவும் வெளிப்படும்.

இம்முறை சுவையற்றது எனச் சிலர் கூறுவர். மறுக்கவில்லை. அடுத்த அறை நண்பர் இருமுறை கதவைத் தட்டினார். ஆகவே, இறுதி ஐந்து நிமிடம் பிடித்த பாட்டை மனம்போல் வாசிப்பதை யான் தடுக்கமாட்டேன். ஆனால் அதனைப் பயிற்சி எனக் கணக்கிடலாகாது.

என் கையில் அவ்விரு கார்டுகளிடையே இருந்த இடைவெளி மறைய ஆறு வாரம் ஆயிற்று. முதலில் தொடங்கிய அந்தப் பாட்டை இன்னும் முழுதும் வாசித்திலேன்.