ஆக்கச்சொல் இல்லாத வாக்கியம்

கடந்த ஞாயிறு மாட்டுங்காவில் ஓர் அரங்கில் ஓவியர் சையத் ஹைதர் ரஸாவைப் பற்றித் தமிழில் ஓர் உரை நிகழ்ந்தது. மும்பையில் நவீன ஓவியம் குறித்து ஒருவர் ஒன்றரை மணி நேரம் தமிழில் பேசுவதும், அதைக் கேட்க அறுபது பேர் வருவதும் எளிதில் நிகழ்வன அல்ல. அதற்காக அமைப்பாளர்களுக்கு என் நன்றி. ஆனால் அன்று அரங்கில் சொல்ல வேண்டியதைச் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். பதிவு நீளும், பொறுத்தருள்க.

உரையின் முதுகெலும்பு ஒரே தொடர்: "இயற்கையின் ஆற்றலால் உந்தப்பட்ட நிலக்காட்சி ஓவியர்." ஆறு முறை வந்தது. என் குறிப்பேட்டில் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு இழுத்து எண்ணியிருக்கிறேன். அவையில் யாரும் நெளியவில்லை. பேராசிரியர்கள் தலையசைத்தார்கள், மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். அடுத்த பருவத்தின் கட்டுரைகளில் இத்தொடர் மேற்கோள் குறிகூட இல்லாமல் வந்து அமரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் எதிர்ப்பு உரையாளர்மீது அன்று, இந்தத் தொடரின்மீது.

மொழியியல் படித்தவருக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. வேலை தொடரிலிருந்தே தொடங்குகிறது. "உந்தப்பட்ட" என்பது செயப்பாட்டுவினை. அந்த வினையில் ஓவியர் எழுவாயாக நின்றாலும் உண்மையில் செயப்படுபொருள். அவருக்குக் கைகள் இல்லை. "ஆற்றல்" என்பதோ ஆற்றுதலிலிருந்து பிறந்த சொல். ஆற்றுவோர் ஒருவர் வேண்டும். "இயற்கையின்" என்று வேற்றுமை உருபு ஏற்றியவுடன் அந்த ஆற்றுவோரும் மறைந்துவிடுகிறார். ஓவியரும் செய்யவில்லை, வேறு யாரும் செய்யவில்லை, படம் மட்டும் நிகழ்ந்துவிட்டது. இவ்வளவு ஆள் அரவமற்ற வாக்கியத்தை அரசு அறிவிப்புகளில்தான் நான் முன்பு கண்டிருக்கிறேன்.

தொல்காப்பியர் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார். சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், இயற்கைப் பொருளை "இத்தன்மைத்து" என்று சொல்லி நிறுத்தலாம் என்கிறார். நிலத்தின் வன்மை, நீரின் தண்மை, நெருப்பின் வெம்மை போன்றவை அப்படி. செயற்கைப் பொருளைச் சொல்லும்போது ஆக்கச்சொல் வேண்டும்: "ஆயிற்று", "ஆயின" என்று முடிய வேண்டும். அந்த ஆக்கத்திற்கு முன்னே அதன் காரணமும் வர வேண்டும். இங்கே "இயற்கை" என்பதற்கு மலை, காடு, கடல் என்று நாம் இன்று வழங்கும் பொருள் இல்லை. ஒரு பொருளின் இயல்பு என்பதே பொருள். உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டைப் பாருங்கள்: எருவிட்டு, களையெடுத்து, நீர் பாய்ச்சியதால் பயிர் நல்லதாயிற்று. பச்சைப்பசேல் என்ற வயலைத்தான் நாம் "இயற்கைக் காட்சி" என்று நாட்காட்டியில் அச்சிட்டு மாட்டுகிறோம். உரையாசிரியரோ அதே வயலைச் செயற்கைப் பொருளுக்கு உதாரணமாக வைக்கிறார். எரு இட்டவரும் களை எடுத்தவரும் அவருடைய வாக்கியத்துக்குள் இருக்கிறார்கள்.

வழக்கில் காரணம் சொல்லாமலும் ஆக்கச்சொல் வரலாம் என்று அடுத்த நூற்பாவே இடமளிக்கிறதே என்று இலக்கணம் அறிந்த நண்பர்கள் மடக்கக்கூடும். உண்மை. காரணத்தை விடலாம் என்றுதான் அங்கே சலுகை; ஆக்கத்தை விடலாம் என்று அன்று.

இனி ரஸாவுக்கு வருவோம். 1922இல் மண்ட்லா மாவட்டத்துப் பாபரியாவில் பிறந்தவர். தந்தை வனத்துறை அலுவலர். ஆகவே காடு, ஆகவே இயற்கை, ஆகவே ஆற்றல் என்று உரை மூன்றே தாவலில் பாரிசுக்குப் போய்விட்டது. இடையில் ஒரு நகரம் இருந்தது. அது இந்த நகரம். 1943இல் நாக்பூர் ஓவியப் பள்ளியிலிருந்து பம்பாய் வந்த இளைஞர், எக்ஸ்பிரஸ் பிளாக் ஸ்டுடியோவில் வடிவமைப்பாளராகச் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்றார். அக்காலத்தில் அவர் நீர்வண்ணத்தில் வரைந்தவை காடுகள் அல்ல. மழையில் நனைந்த பம்பாய்த் தெருக்கள், ஃப்ளோரா ஃபவுண்டன் சுற்றுப்புறம். அவற்றைப் பார்த்து வாங்கியும் எழுதியும் அவரை வளர்த்தவர்களில் மூவர் ஹிட்லரின் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தவர்கள்: ரூடி ஃபான் லெய்டன், வால்டர் லாங்ஹாம்மர், எம்மானுவேல் ஷ்லெசிங்கர். டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் கலை இயக்குநராக இருந்த லாங்ஹாம்மரின் நேப்பியன் ஸீ சாலை வீட்டில் இளம் ஓவியர்கள் கூடுவார்கள். ஐரோப்பிய ஓவியங்களின் நல்ல வண்ண அச்சுகளை அவர்கள் அங்கேதான் கண்டார்கள். 1947இல் சூஸா, ஹுசேன், ஆரா முதலியோருடன் முற்போக்குக் கலைஞர் குழு. 1948இல் காஷ்மீரில் ஒளிப்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் அவர் படங்களைப் பார்த்துவிட்டு, இவற்றில் கட்டுமானம் போதவில்லை, செஸானைப் பயில் என்றார். 1950இல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் ரஸா கப்பலேறியதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம். கட்டுமானம் போதாது என்பதைக் கேட்டு நாடு விட்டு நாடு போனவரைத்தான் "உந்தப்பட்டவர்" என்கிறோம்.

உரையில் ஒரு சொல்கூட இடம்பெறாத செய்தி ஒன்று உண்டு. பிரிவினைக்குப் பின் ரஸாவின் உடன்பிறந்தார் பாகிஸ்தான் போனார்கள். முதல் மனைவியும் போனார். அவர் போகவில்லை. பெற்றோர் இருவரும் அந்த ஓரிரு ஆண்டுகளிலேயே இறந்தார்கள். அடுத்துப் பிரான்சில் 1951இல் அவர் வரைந்த "ஓ த காஞ்" போன்ற படங்களைப் பாருங்கள். கறாரான கோடுகளில் வீடுகள், அவற்றுக்கு மேலே கதிரவன். தெருவில் ஓர் ஆள் இல்லை. சன்னல்களில் ஒரு முகம் இல்லை. பம்பாயின் நெரிசலை வரைந்த அதே கை! அந்த வெறுமைக்குப் பிரிவினைதான் ஒரே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. செஸான் இருக்கிறார், இடைக்கால இத்தாலிய ஓவியம் இருக்கிறது. ஆனால் ஆளற்ற அந்த ஊர்களின் முன் நின்று "இயற்கையின் ஆற்றல்" என்று ஒருவர் சொல்ல முடிகிறதென்றால், அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சரி, அறுபதுகளின் படங்களில் தூரிகை கொந்தளிக்கிறதே, அதுவுமா ஆற்றல் இல்லை? கொந்தளிக்கிறது. 1962இல் பெர்க்லியில் கற்பிக்கச் சென்ற ரஸா அமெரிக்காவில் ராத்கோவின் ஓவியங்களைக் கண்டார். பின்னர், தடித்து அப்பிக் காயக் காத்திருக்க வேண்டிய எண்ணெய் வண்ணத்தை விட்டு, விரைவில் காயும் அக்ரிலிக்குக்கு மாறினார். கை வேகம் கொண்டது. அந்த வேகத்துக்கு முன்னே ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தைச் சொன்னால் வேகம் குறைந்துவிடாது.

ரஸாவே இப்படித்தானே பேசினார் என்பது வலுவான மறுப்பு. ஆம், பேசினார். எண்பதுகளுக்குப் பின் பிந்து, பஞ்சபூதம், பிரகிருதி என்று தலைப்புகளும் விளக்கங்களும் தாமே தந்தார். தமிழருக்குப் பிந்து புதிதன்று. சைவ சித்தாந்தம் வழியே "விந்து" என்று நம்மிடம் எப்போதோ வந்த சொல். ஆனால் தம் பிந்துவின் தொடக்கமாக ரஸா திரும்பத் திரும்பச் சொன்ன கதையைக் கேளுங்கள். அலைபாயும் சிறுவனைப் பள்ளி ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி இட்டு, அதையே பார் என்று உட்காரவைத்தார். அந்தப் புள்ளி காட்டில் முளைத்ததன்று. ஓர் ஆசிரியர் சுண்ணாம்புச் சுவரில் வைத்தது. ஆற்றலைக் கட்டி நிறுத்துவதற்கு வைத்தது. ஓவியரின் வாக்குமூலத்தை நாம் இரண்டாம் பாதியில் மட்டும் நம்புவது ஏன்?

தாராவிக்காரரான எனக்கு உண்மையில் சினமூட்டியது வேறிடம். 1983இல் ரஸா வரைந்த "சௌராஷ்டிரா" திரையில் வந்தது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். செம்மண்ணும் காவியும் கறுப்பும் கட்டம் கட்டமாக எரியும் படம். மகத்தான படம், அதில் எனக்கு மறுப்பில்லை. 2010இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 16.42 கோடி ரூபாய்க்கு விற்றதை உரையாளர் பெருமிதத்துடன் குறிப்பிட்டார். 2023இல் மும்பையிலேயே "ஜெஸ்டேஷன்" 51.75 கோடிக்குப் போனதையும் சொன்னார். பிறகு, சௌராஷ்டிரத்து மண்ணின் ஆற்றலே இப்படம் என்றார்.

அரங்கிலிருந்து சயான் பக்கமாக அரை மணி நேரம் நடந்தால் கும்பார்வாடா. அங்கே சக்கரம் சுற்றுகிறவர்களின் முன்னோர் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள். நகரம் வளர வளர அவர்களைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே வந்து, அன்று சேறாகக் கிடந்த தாராவியில் விட்டது. தம் ஊர் மண்ணைப் பிரிந்து, வேற்றூர் மண்ணை வாங்கிப் பிசைந்து, சூளைப் புகையைச் சுவாசித்து வாழ்கிறார்கள். சௌராஷ்டிரத்து மண்ணுக்கு ஆற்றல் இருந்ததென்றால் அது இவர்கள் கைவழியாகத்தான் நடந்து வந்து இந்நகரின் அகல்விளக்காயிற்று, தண்ணீர்ப் பானையாயிற்று. உரையில் அந்த மண் வந்தது. அந்த மக்கள் வரவில்லை. ரஸாவின் மீது எனக்குக் குறையில்லை. அவர் குயவர்களை வரைந்திருக்க வேண்டும் என்று கேட்பது மூடத்தனம். மாட்டுங்காவில் நின்று, தமிழில், சௌராஷ்டிரத்து மண் என்று சொல்லிவிட்டுக் கும்பார்வாடா நினைவுக்கு வராமல் போவதற்கு ஒரு பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைத் தருவது மேற்படி தொடர்தான்.

என் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் வேலை செய்தவர். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளைப் பற்றிச் சொல்வார். குழிகளைக் குப்பையும் சாம்பலும் தோல் கழிவும் கொட்டி நிரப்பி, அதன்மேல் பலகை போட்டு, வீடு எழுப்பிய கதையையும் சொல்வார். தாராவி சதுப்பாக இருந்தது, தாராவி தரையாயிற்று. அதைக் "குடிசைப் பகுதி" என்று, ஏதோ நெருப்பின் வெம்மையைச் சொல்வதுபோல், இயற்கைப் பொருளாகச் சொல்கிறது நகரம். சாலையின் மறுபுறம், மித்தி ஆற்றங்கரையில், மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது, 37 ஏக்கர். நகரின் குப்பை மேடாயிருந்த இடம். மண் கொட்டி, மரம் நட்டு, 1994இல் திறந்தார்கள். பெயரில் இயற்கை இருப்பதோ அங்கே. செம்பூரில் வளர்ந்த என் தோழி, சிறுவயதில் இரவு வானம் சிவப்பதை வெகு காலம் இயற்கை என்றே நம்பியிருந்தாராம். மாகுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் தீக்கொழுந்து அது என்று ஆறாம் வகுப்பில்தான் தெரிந்ததாம்.

உரையின் இறுதியில் திணைக் கோட்பாடும் வந்தது. தமிழர் அன்றே இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்ற வழக்கமான முத்தாய்ப்பு. திணையின் கருப்பொருளில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில், யாழ் எல்லாம் உண்டு. பறை அடிப்பவர் இல்லாமல் பறை இல்லை. தொழில் செய்பவர் இல்லாமல் தொழில் இல்லை. ஆளை நீக்கிவிட்டு நிலத்தை மட்டும் ரசிக்கத் திணை ஒருபோதும் அனுமதி தந்ததில்லை. பாலையைப் பற்றி இளங்கோ சொல்வதையேனும் நினைத்திருக்கலாம்: முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்து பாலை ஆவதாகத்தானே அவர் பாடுகிறார்? நிலத்துக்கே ஆக்கச்சொல் போட்ட கவிஞர் அவர்.

அடுத்த அமர்வு ஓவியர் கே.எம். ஆதிமூலத்தைப் பற்றியது என்று அழைப்பிதழ் வந்திருக்கிறது. அவருடைய பிற்கால வண்ண அரூபப் படங்களுக்கும் அதே தொடரைச் சூட்டியிருக்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கி. ராஜநாராயணனின் "கரிசல் காட்டுக் கடுதாசி" ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்குக் கோடு வரைந்தவர் ஆதிமூலம். கரிசலும் கரிசல் மனிதர்களும் ஒரே கோட்டில் வந்தார்கள். அந்தக் கை பின்னாளில் ஆளே இல்லாத வண்ணப் பரப்புக்கு எப்படி வந்து சேர்ந்தது, எண்ணெய் வண்ணத்தை என்ன செய்து அந்த ஒளியைப் பெற்றது, கோட்டை எப்போது, ஏன் விட்டது என்பவை கேட்கத்தக்க கேள்விகள். அமைப்பாளர்களிடம் பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன். அந்தப் பழைய தொடரின் பக்கங்களைப் பிரதி எடுத்துக் கொண்டுவருகிறேன். அரங்கில் நேரம் கிடைக்காவிட்டால் வாசலில் காட்டுகிறேன்; 7.40 ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அன்று மட்டும் அடுத்த ரயிலில் போகலாம்.