பழுது நீக்கமும் பதிப்பு மாற்றமும்

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவர்க்கே உரியது என்பது உலக வழக்கு. நாற்காலியொன்றை வாங்கி வீட்டிலிட்டால், அதனைச் செய்த தச்சன் நள்ளிரவில் வந்து அதன் கால்களை மாற்றிவிட்டுப் போவதில்லை. நம் கணினியிலுள்ள மென்பொருளோ இவ்வழக்கிற்கு உட்படுவதில்லை. நாம் உறங்கும்போது அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கின்றது. காலையில் எழுந்து நோக்கினால், நேற்றிருந்த பொத்தான் இன்று அவ்விடத்தில் இல்லை. இம்முறை நன்றோ தீதோ என்பதை மாணவரும் ஆசிரியரும் ஒருமுறையேனும் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டுமென்று கருதியே இதனை எழுதப் புகுந்தோம்.

சென்ற ஆண்டின் இறுதியில் எம் விடுதி நண்பர் ஒருவர், ஆய்வேட்டை ஒப்புவிக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு தம் கணினிமுன் அமர்ந்திருந்தார். உணவருந்திவிட்டுத் திரும்பி வந்தபோது, கணினி தானே அணைந்து எழுந்து, புதிய பதிப்பை நிறுவிக்கொண்டிருந்தது. அணைக்கலாகாது என்னும் எச்சரிக்கை மட்டும் திரையில் நின்றது. இரண்டு மணி நேரத்திற்குப் பின் கணினி மீண்டது. சேமியாது விட்ட நான்கு பக்கங்கள் மீளவில்லை. அன்றிரவே அவர் எல்லாவகைப் புதுப்பித்தலையும் அடியோடு நிறுத்திவிட்டார். அவர் கொண்ட சினம் நியாயமானது. அவர் செய்த முடிவோ பெரிதும் பிழையானது. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாதல் எங்ஙனம் என்பதைக் காட்டுவதே எம் நோக்கம்.

புதுப்பித்தல் என்னும் ஒரே சொல்லால் நாம் இருவேறு செயல்களைக் குறித்து வருகின்றோம். முதலாவது, மென்பொருளில் கண்ட குற்றத்தைத் திருத்தும் பழுது நீக்கம். மற்றது, மென்பொருளின் அமைப்பையே மாற்றும் பெரும்பதிப்பு மாற்றம். கூரையில் உடைந்த ஓட்டை மாற்றுவதும், வீட்டை இடித்து வேறு மாதிரியாகக் கட்டுவதும் ஒன்றாகுமோ? மென்பொருள் செய்வோர் பலர் பதிப்பெண்ணிலேயே இவ்வேறுபாட்டைக் காட்டுவர். 4.2.7 என்று ஓர் எண் இருப்பின், ஈற்றிலுள்ள 7 பழுது நீக்கத்தையும், இடையிலுள்ள 2 பழையதைக் கெடாது சேர்த்த வசதிகளையும், முதலிலுள்ள 4 பழையவற்றோடு ஒவ்வாமற் போகக்கூடிய பெருமாற்றத்தையும் குறிக்கும்.

பழுது நீக்கத்தைத் தள்ளிப்போடுவதால் விளையும் கேட்டிற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. கணினிகள் தம்முள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வழியில் விண்டோஸ் இயங்குதளத்திலிருந்த ஒரு குறையை நீக்கும் திருத்தத்தை, மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள் வெளியிட்டது. 59 நாட்கள் கழித்து, மே 12-ஆம் நாள், அதே குறையின் வழியாக வான்னாக்ரை என்னும் கணினிக் கிருமி உலகெங்கும் பரவிற்று. ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட கணினிகளில் கோப்புகள் பூட்டப்பெற்றன. திறப்பதற்குப் பணம் கேட்கப்பட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளர்க்குக் குறித்திருந்த சிகிச்சைகள் ஆயிரக்கணக்கில் நின்றுபோயின. மருந்து வந்து இரண்டு திங்களாகியும் அதனை உட்கொள்ளாதவரே பெரும்பாலும் துன்புற்றனர் என்பதை எம் நண்பர் போன்றோர் நினைவில் இருத்துதல் வேண்டும்.

எனினும், மறுபக்கமும் உண்டு. 2016-ஆம் ஆண்டில் விண்டோஸ் 10 பதிப்பிற்கு மாறும்படி வேண்டும் அறிவிப்பொன்று பழைய பதிப்புக் கணினிகளில் தோன்றியது. சாளரத்தின் மூலையிலுள்ள பெருக்கற்குறியை அழுத்தினால் வேண்டாமென்று பொருள் என்பதே பல்லாண்டு வழக்கம். அந்த அறிவிப்போ அதனை இசைவாகவே கொண்டு, குறித்த நேரத்தில் மாற்றத்தைத் தொடங்கிற்று. கண்டனம் எழுந்த பின்னரே, தெளிவாக மறுப்பதற்கு ஒரு பொத்தான் அமைக்கப்பட்டது. 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் வெளிவந்த பெரும்புதுப்பிப்போ பயனர் சிலரின் ஆவணங்களையே அழித்துவிட்டது. சில நாட்களுக்குள் அது நிறுத்தப்பெற்று, நவம்பர் 13-ஆம் நாள் திருத்தமுற்று மீண்டும் வெளிவந்தது. இத்தகைய நிகழ்ச்சிகளே மக்களின் நம்பிக்கையைக் குலைத்து, நன்மருந்தையும் வெறுக்கச் செய்கின்றன.

ஆதலின் எம் கருத்து இதுவே: பழுது நீக்கம் தானாக வருதல் வேண்டும், பெரும்பதிப்பு மாற்றம் உடையவரின் இசைவு பெற்றே வருதல் வேண்டும், இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி அனுப்புதல் தகாது.

இசைவைக் கேட்டால் மக்கள் என்றைக்கும் மாறமாட்டார்களே என்று சிலர் கூறுவர். பழைய பதிப்பிற்கும் குறித்த காலம்வரை திருத்தங்கள் அளித்து, அக்காலத்தை முன்னரே அறிவித்துவிட்டால் அவ்விடர் நீங்கும். உபுண்டு இயங்குதளத்தார் இரண்டாண்டுக்கு ஒருமுறை நீண்டகாலப் பதிப்பொன்றை வெளியிட்டு, அதற்கு ஐந்தாண்டு திருத்தங்கள் அளிக்கின்றனர். பயர்பாக்ஸ் உலாவியைச் செய்வோரும் நிறுவனங்களின் பொருட்டு 2012-ஆம் ஆண்டு முதல் இவ்வகைப் பதிப்பொன்றைத் தனியே வெளியிட்டு வருகின்றனர். எனினும், அறிவித்த காலமும் ஒருநாள் முடிவது உறுதி. விண்டோஸ் 10 பதிப்பிற்குரிய இலவசத் திருத்தங்கள் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றன. பதிவு செய்துகொண்டோர்க்கு மேலும் ஓராண்டு அளிக்கப்பட்டதாயினும், புதிய பதிப்பை ஏற்கும் உறுப்புகள் அமையாத பழைய கணினிகளை உடையோர்க்கு அது பெருங்கவலையாயிற்று.

சிறு திருத்தமாயின் தீங்கில்லை என்று எண்ணுவதும் தவறு. 2024-ஆம் ஆண்டு சூலை 19-ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழைபட்ட சிறு கோப்பொன்று ஏறக்குறைய 85 இலட்சம் கணினிகளை நிலைகுலையச் செய்தது; வானூர்திகள் தரையில் நின்றன. அக்கோப்பு ஒரே வேளையில் யாவர்க்கும் சென்றமையாலேயே கேடு அவ்வளவு பெருகிற்று. சிலர்க்கு முதலில் அனுப்பி, விளைவு நோக்கிப் பின்னர்ப் பலர்க்கு அனுப்புவதே அறிவுடைமை.

இனி, நாம் செய்யத்தக்கது யாது? மாணவர் பழுது நீக்கத்தை ஒருபோதும் நிறுத்தலாகாது. தாம் வேலை செய்யும் நேரத்தைக் கணினிக்கு முன்னரே குறித்துவைத்தால், அந்நேரத்தில் அது தானே அணைந்தெழாது. பெரும்பதிப்பு மாற்றத்தைத் தேர்வுக்காலம் கழிந்தபின் மேற்கொள்க. அதற்கு முன் கோப்புகள் அனைத்திற்கும் வேறோரிடத்தில் நகலெடுத்து, அந்நகல் திறக்கின்றதா என்றும் பார்த்துக்கொள்க. கணினிக்கூடம் நடத்துவோர் முதலில் ஒரே கணினியில் புதிய பதிப்பை நிறுவி, பாடத்திற்குரிய மென்பொருள்கள் அதில் இயங்குகின்றனவா என்று சில வாரம் சோதித்து, கோடை விடுமுறையில் ஏனையவற்றை மாற்றுதல் நலம்.

எம் நண்பர் இப்போது பழுது நீக்கத்தை மீண்டும் அனுமதித்திருக்கின்றார். பெரும்பதிப்பு மாற்றத்தை மட்டும் தம் வாய்மொழித் தேர்வு முடியும்வரை தள்ளிவைத்திருக்கின்றார். அவருடைய கணினியில் எது எப்போது மாற வேண்டுமென்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கே உரியது. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுவதும், பெற்றபின் சோம்பலின்றிக் கையாளுவதும் கற்றோர் கடமை என்பது எமது துணிபு.